செஷன் மூடிய பிறகு: ஹைபர்னேட் கேள்வி-பதில்

கேள்வி: ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸ் வரிசைகளோடு இணைக்கும் ஹைபர்னேட்டில் ஓர் ஆர்டரை எடுத்துத் திரைக்கு அனுப்புகிறேன். அதன் ஐட்டங்களைக் காட்டும்போது ‘லேஸி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன்’ வருகிறது. லேஸி (தொடும்போது மட்டும் எடுப்பது) என்பதை ஈகர் (உடனே சேர்த்து எடுப்பது) என்று மாற்றிவிட்டால் சரியாகிவிடுமா?

பதில்: பிழை மறையும், வேகம் போய்விடும். ஆர்டரை எடுத்தபோது ஐட்டங்கள் வரவில்லை; அவற்றின் இடத்தில் வெறும் கூடுதான் இருக்கிறது. அதைத் தொட்டால்தான் செஷன் (டேட்டாபேஸோடு ஹைபர்னேட் நடத்தும் உரையாடல்) வழியாகக் குவெரி போகும். செஷன் மூடியதும் ஆர்டர் டிடாச்டு (செஷனிலிருந்து பிரிந்த நிலை) ஆகிவிடுகிறது. பிறகு தொட்டால் கேட்க ஆளில்லை.

ஈகர் ஆக்கிவிட்டு, பட்டியல் பக்கத்துக்கு ஜேபிஏ என்னும் ஜாவா தரநிலையின் குவெரி மொழியான ஜேபிக்யூஎல்லில் 50 ஆர்டர்களை எடுத்துப் பாருங்கள்: ஆர்டருக்கு ஒன்று வீதம் இன்னும் 50 குவெரி ஓடும். அந்தப் பக்கத்தில் ஐட்டமே காட்டமாட்டீர்கள்! மேனி-டு-ஒன் (பல ஐட்டங்களுக்கு ஓர் ஆர்டர் போன்ற) உறவு ஜேபிஏவில் இயல்பாகவே ஈகர். அதையும் லேஸி என்று மாற்றி எழுதுவதே நல்லது.

ஐட்டம் தேவைப்படும் குவெரியில் மட்டும் ‘லெஃப்ட் ஜாயின் ஃபெட்ச்’ (ஆர்டரோடு ஐட்டங்களையும் ஒரே குவெரியில் எடுப்பது) போடுங்கள். ‘லெஃப்ட்’டை விட்டால் ஐட்டம் இல்லாத ஆர்டர்கள் காணாமல் போகும். ஐட்டங்கள், கட்டணங்கள் என இரண்டு லிஸ்ட்களை ஒரே குவெரியில் ஃபெட்ச் செய்தால் ‘மல்டிபிள் பேக் ஃபெட்ச் எக்செப்ஷன்’ வரும். லிஸ்ட்டை செட் (ஒன்றே இருமுறை வராத தொகுப்பு) ஆக்கினால் அது அடங்கும். ஆனால் 10 ஐட்டமும் 5 கட்டணமும் பெருகி 50 வரிசைகளாக வரும். இரண்டாவதைத் தனிக் குவெரியில் எடுங்கள். பக்கம் பிரிக்கும் குவெரியிலும் கவனம்: ஃபெட்ச் சேர்ந்தால் ஹைபர்னேட் எல்லா வரிசைகளையும் மெமரிக்கு இழுத்து, அங்கேதான் வெட்டும். முதலில் அந்தப் பக்கத்துக்கான ஐடிகள், பிறகு அவற்றுக்கு மட்டும் ஃபெட்ச்.

‘எனேபிள் லேஸி லோட் நோ டிரான்ஸ்’ என்ற அமைப்பை யாராவது சிபாரிசு செய்வார்கள். வேண்டாம். ஒவ்வொரு தொடுதலுக்கும் ஒரு தற்காலிக செஷன் திறக்கும்.

கேள்வி: டிடாச்டு ஆர்டரை மெர்ஜ் செய்த (செஷனுக்குள் நகலெடுத்த) பிறகு அதில் செய்த மாற்றம் சேமிக்கப்படவில்லையே?

பதில்: மெர்ஜ் திருப்பித் தரும் ஆப்ஜெக்ட்தான் செஷனுக்குள் இருப்பது. நீங்கள் கொடுத்தது டிடாச்டாகவே நிற்கிறது. திரும்பி வந்ததைப் பிடித்து மாற்றுங்கள்.

இதைவிட ஆபத்து ஒன்று உண்டு. திரையிலிருந்து வரும் ஜேசான் தரவிலிருந்து உருவாக்கிய ஆர்டரில் ஐட்டம் லிஸ்ட் காலியாக இருந்து, ‘ஆர்ஃபன் ரிமூவல்’ (லிஸ்ட்டிலிருந்து நீங்கியதை டேட்டாபேஸிலும் அழிப்பது) போட்டிருந்தால், மெர்ஜ் எல்லா ஐட்டங்களையும் அழித்துவிடும். நிரப்பாத புலங்களும் நல் (மதிப்பில்லாதது) ஆகப் பதிவாகும். ஐடியால் ஆர்டரை எடுத்து, மாறிய புலங்களை மட்டும் நகலெடுப்பதே பாதுகாப்பு. ‘வெர்ஷன்’ புலம் (ஒவ்வொரு திருத்தத்திலும் மாறும் எண்) வைத்து, திரையிலிருந்து வரும் வெர்ஷனையும் ஒப்பிடுங்கள். இல்லையேல் இடையில் வேறொருவர் திருத்தியது சத்தமில்லாமல் அழியும்.

கேள்வி: புதிய ஆப்ஜெக்ட்தான்; பெர்சிஸ்ட் செய்தால் (புதிதாகச் சேமித்தால்) ‘டிடாச்டு என்டிட்டி’ என்கிறதே?

பதில்: டேட்டாபேஸ் உருவாக்க வேண்டிய ஐடியை நீங்களே நிரப்பியிருப்பீர்கள். நல் ஆக விடுங்கள்.