ஊரில் ஒரு சமூக நடுவம்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டம் பேராவூரணியைச் சேர்ந்த பலர் சிங்கப்பூரில் வேலை செய்கிறோம். சிலர் இந்நாட்டுக் குடிமக்களாகிவிட்டனர். எல்லோருமாகப் பணம் போட்டு, ஊரில் ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ போல ஒன்று கட்ட விரும்புகிறோம். கீழே குளிர்சாதன மண்டபம், மேலே நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும். மண்டபத்தைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விட்டால் செலவுக்கு ஆகும் என்கிறார்கள். உங்கள் கருத்து?
– வாசகர், ஜூரோங் வெஸ்ட்

பதில்: கல்யாண மண்டபம் மட்டும் வேண்டாம், தம்பி. முகூர்த்த நாளில் ஊர்ப்பிள்ளைகளை வாசலில் நிறுத்துவீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் பூட்டுத் தொங்கும். பூட்டிக் கிடக்கும் சமுதாயக் கூடங்களுக்கு நம் ஊர்களில் பஞ்சமா?

நான் தெம்பனிஸில் குடியிருப்பவள். நூலகம், விளையாட்டரங்கம், உணவங்காடி எல்லாம் ஒரே இடத்தில் உள்ள எங்கள் நடுவம் 2017இல் திறக்கப்பட்டது, 5.7 ஹெக்டர் பரப்பு. அந்த அளவு உங்களுக்கு வேண்டாம். கட்டுவதற்கு முன் 15,000க்கும் மேற்பட்ட குடியிருப்பாளர்களிடம் கருத்துக் கேட்டார்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்கு உட்லண்ட்ஸில் உள்ள கம்போங் அட்மிரல்டியைப் போய்ப் பாருங்கள். 0.9 ஹெக்டர் நிலத்தில் மூத்தோர் வீடுகள், மருத்துவ நிலையம், உணவங்காடி எல்லாம் அடுக்கடுக்காக இருக்கின்றன. குழந்தைப் பராமரிப்பு நிலையமும் மூத்தோர் நிலையமும் பக்கத்துப் பக்கத்தில். கீழே திறந்த முற்றம். டாக்டரைப் பார்க்க வந்தவர் அங்கே உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார். யாரும் அவரை ‘என்ன வேலை?’ என்று கேட்பதில்லை.

உங்கள் நடுவத்துக்கும் தினமும் ஆள் வரக் காரணம் வேண்டும். அரசுச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பிக்கும் இ-சேவை மையம் ஒன்றுக்கு இடம் கொடுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு இரவிலும் விளக்கெரியும் ஒரு படிப்பறை. சந்தைக்கும் பஸ்ஸுக்கும் வரும் பெண்களுக்குச் சுத்தமான கழிப்பறை. இதை வரைபடத்தின் மூலையில் ஒதுக்கிவிடாதீர்கள், பெண்கள் வருவதும் வராததும் இதில்தான் இருக்கிறது. முன்புறம் கூரை போட்ட, கதவில்லாத அகலமான முற்றம். உடற்பயிற்சிக் கூடம் பிறகு வரட்டும். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் பக்கத்துத் தென்னையையெல்லாம் சாய்த்தது, மின்சாரமும் இல்லாமல் தவித்தீர்கள். ஆகவே தரையை உயர்த்திக் கட்டுங்கள், ஜெனரேட்டருக்கு இடம் விடுங்கள். புயல் நாளில் ஊரே அங்கே ஒதுங்கலாம்.

வாடகை இல்லாமல் செலவுக்கு என்ன செய்வது? கட்டடத்தைச் சிறிதாக்கி, திரட்டும் பணத்தில் பாதியை வைப்புநிதியில் போடுங்கள். துப்புரவுப் பணியாளருக்கும் காவலருக்கும் சம்பளம் அதன் வட்டியிலிருந்து வரட்டும். தமிழக அரசின் ‘நமக்கு நாமே’ திட்டத்தில், மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசும் பங்கு தருகிறது. பேரூராட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள்.

இன்னொன்று. இந்தியக் குடிமக்கள் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. சிங்கப்பூர்க் குடிமக்கள் தருவது ஆகும். அதை வாங்கும் அறக்கட்டளைக்கு இந்திய அரசின் பதிவோ முன் அனுமதியோ வேண்டும். வெளிநாட்டு அறப்பணிக்காக இங்கே சிங்கப்பூரில் பொதுமக்களிடம் நிதி திரட்டுவதற்கும் அனுமதி தேவை. ஒரு வெள்ளி வசூலிப்பதற்கு முன் கணக்காய்வாளர் ஒருவரைப் பாருங்கள்.