எல்லோரும் கொண்டாடும் கல்ட் (தீவிர ரசிகர் கூட்டம் திரும்பத் திரும்பப் பார்க்கும்), நகைச்சுவை, சாகசப் படங்கள் எனக்கு மட்டும் ஏன் பிடிப்பதில்லை? அண்மையில் நீங்கள் பார்த்தவற்றில் எவை தேறின?

நண்பர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடும் மூன்று படங்களை வரிசையாகப் பார்த்ததாகவும், ஒன்றிலும் வாய்விட்டுச் சிரிக்க முடியவில்லை என்றும், குறை தம்மிடமா படத்திடமா என்று தெரியவில்லை என்றும் கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எந்தப் படங்கள் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் யாரோ ஒருவர் அவரை உட்காரவைத்து அந்தப் படங்களைப் போட்டுக் காட்டியிருப்பார், முடிந்த கையோடு "எப்படி?" என்று ஆவலாகக் கேட்டிருப்பார், இவரும் "நன்றாகத்தான் இருந்தது" என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்திருப்பார் என்பது வரை என்னால் ஊகிக்க முடிகிறது. அதே பொய்யை நானும் சொன்னவன் என்பதால்தான் கையில் இருந்த வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

நான் விமர்சகன் அல்லன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒளிப்பதிவைப் பற்றியோ படத்தொகுப்பைப் பற்றியோ அதிகாரத்தோடு பேச எனக்குத் தகுதி கிடையாது. கீழே நான் குறை சொல்லப்போகும் படங்களை உயிராக நேசிப்பவர்கள் உண்டு என்பதும், அவர்களில் சிலர் "இரண்டாவது முறை பார்த்தால்தான் புரியும்" என்று வந்து சொல்வார்கள் என்பதும் எனக்குத் தெரியும். இரண்டாவது முறையும் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவர், கோயன் சகோதரர்கள் 1998இல் எடுத்த 'த பிக் லெபோவ்ஸ்கி' படத்தை எனக்குக் காட்டியே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றார். அவருக்கு அந்தப் படத்தின் வசனம் முழுவதும் மனப்பாடம். படம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அவர் திரையைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். சிரிக்க வேண்டிய இடம் வருவதற்கு அரை நொடி முன்பாக அவருடைய உதடுகள் அந்த வசனத்தைச் சத்தமில்லாமல் உச்சரிக்கும். வசனம் முடிந்ததும் புருவங்கள் உயரும். நான் சிரிக்காவிட்டால் கட்டைவிரல் ரிமோட்டின் மேல் அழுந்தும், படம் நிற்கும், பத்து விநாடி பின்னால் போகும். "இப்ப கவனி" என்பார். பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங் ஆட்டத்தில் எதிராளியின் கால் கோட்டைத் தாண்டிவிட்டது என்பதற்காக, நாயகனின் நண்பனாக வரும் ஜான் குட்மேன் துப்பாக்கியை எடுத்து நீட்டும் காட்சியை மட்டும் மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை சிரித்தேன். நான்காவது முறை பார்க்க நேரக்கூடாதே என்பதற்காக வந்த சிரிப்பு அது.

அவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஏனென்றால் அதன்பிறகு எங்கள் வட்டத்தில் எந்தப் படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலும், "அவனுக்கு நகைச்சுவை உணர்வே கிடையாது, லெபோவ்ஸ்கிக்கே சிரிக்காதவன்" என்று ஒரு வரியில் என்னை ஓரங்கட்டிவிடுவார். வேடிக்கையாகச் சொன்னதுதான் என்றாலும், ஒரு மனிதனைப் பற்றிச் சொல்லக்கூடிய மிக மோசமான சொற்களில் அதுவும் ஒன்று என்பது என் எண்ணம். கஞ்சன் என்று சொல்லியிருந்தால்கூட இவ்வளவு உறுத்தியிருக்காது.

இரண்டு மாதங்களுக்கு முன் காய்ச்சலில் படுத்திருந்தபோது, வேறு எதுவும் பார்க்கத் தோன்றாமல், ஏறக்குறைய ஒரு பழைய கணக்கைத் தீர்க்கும் எண்ணத்தோடு அதே படத்தைத் தனியாகப் போட்டேன். அதே பெயருடைய பணக்காரர் ஒருவர் என்று தவறாக நினைத்துக்கொண்டு, ஒரு சோம்பேறியின் வீட்டுக்குள் அடியாட்கள் புகுந்து, அவனுடைய விரிப்பின் மேல் சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறார்கள். அவன் கேட்பதெல்லாம் அந்த விரிப்புக்கு ஈடாக இன்னொரு விரிப்புத்தான். அதைக் கேட்கப் போன இடத்தில் ஆள்கடத்தல், பணப்பெட்டி என்று ஒரு துப்பறியும் கதை அவன் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது, கடைசியில் அந்தக் கதை எங்கும் போய்ச் சேருவதில்லை. முதல் முறை எனக்கு எரிச்சல் தந்தது இந்தப் போய்ச்சேராமைதான். இந்த முறை சிரிப்பை வரவழைத்ததும் அதுவே. அந்தச் சோம்பேறியாக நடித்து, படம் நெடுகிலும் பவுலிங் கூடத்திலேயே கிடக்கும் ஜெஃப் பிரிட்ஜஸ் ஒரே ஒரு முறைகூடப் பந்தை உருட்டுவதில்லை என்பதை நானாகவே கண்டுபிடித்தேன். யாராவது காட்டித் தந்திருந்தால் அது வெறும் தகவலாகப் போயிருக்கும். இறந்துபோன நண்பனின் சாம்பலைக் காப்பி டப்பாவில் கொண்டுபோய்க் கடலோரத்தில் தூவும் இடத்தில், எதிர்க்காற்றில் அது மொத்தமும் பக்கத்தில் நிற்பவனின் தாடியிலும் கறுப்புக்கண்ணாடியிலும் வந்து அப்பிக்கொள்ளும்போது, இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்து படத்தை நானே நிறுத்த வேண்டியதாயிற்று. அறையில் என்னைத் தவிர யாரும் இல்லை.

ஆகவே கேட்டவருக்கு என் பதில், குறை இருவரிடமும் இல்லாமல் அருகில் உட்கார்ந்திருந்தவரிடம் இருக்கலாம் என்பதே. ஆனால் இதை எல்லாப் படத்துக்கும் பொதுவாகச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். இதற்கு நேர்மாறான படங்களும் உண்டு. 'த ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ' 1975இல் வெளியானபோது சரியாக ஓடவில்லை. 1976இல் நியூயார்க்கின் வேவர்லி திரையரங்கில் நள்ளிரவுக் காட்சியாகப் போடத் தொடங்கிய பிறகுதான் அதற்கு உயிர் வந்தது. பார்வையாளர்கள் பாத்திரங்களைப் போலவே வேடமிட்டு வந்தார்கள், வசனங்களுக்கு இருக்கையிலிருந்து பதில் குரல் கொடுத்தார்கள், திருமணக் காட்சியில் அரிசியை வீசினார்கள். சென்ற மாதம் அதை மடிக்கணினியில், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு பார்த்தேன். பாடல்கள் நன்றாக இருந்தன. முதன்மை வேடத்தில் வரும் டிம் கரி உள்ளே நுழையும் விதமும் அபாரம். மற்றபடி, பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு போய் உட்கார்ந்தவனைப் போல இருந்தேன். அந்தப் படத்தின் பாதி திரையில் இருக்கிறது, மீதிப் பாதி இருக்கைகளில் இருக்கிறது. நான் முதல் பாதியை மட்டும் பார்த்துவிட்டு மதிப்பெண் போடுவது நியாயம் ஆகாது. நீங்கள் பார்த்த மூன்றில் ஒன்றாவது இந்த வகையாக இருக்கக்கூடும்.

அண்மையில் பார்த்த நகைச்சுவைகளில் தயக்கமில்லாமல் நான் கைகாட்டுவது 1980இல் வந்த 'ஏர்பிளேன்!' படத்தைத்தான். 1957இல் வந்த 'சீரோ ஹவர்!' என்ற, சிரிப்புக்கே இடமில்லாத விமான விபத்துப் படத்தின் உரிமையை வாங்கி, அதன் கதையையும் சில வசனங்களையும் அப்படியே வைத்துக்கொண்டு எடுத்த கேலிப்படம் அது. லெஸ்லி நீல்சன் அதுவரை பல ஆண்டுகள் இறுக்கமான வேடங்களில் நடித்து வந்தவர். இதிலும் மருத்துவராக அதே இறுக்கத்தோடுதான் நடிக்கிறார், தாம் நகைச்சுவைப் படத்தில் இருக்கிறோம் என்பதை அவரிடம் யாரும் சொல்லவில்லையோ என்று தோன்றும். விமானிகளின் அறைக்குள் தலையை நீட்டி, "உங்கள் இருவருக்கும் வாழ்த்துகள், நாங்கள் எல்லோரும் உங்களைத்தான் நம்பியிருக்கிறோம்" என்று சொல்லிவிட்டுப் போவார். விமானம் தரையிறங்கி நின்ற பிறகும் வந்து, அதே முகத்தோடு அதையே சொல்வார். எனக்கு வயிறு வலித்தது.

இந்த இடத்தில் என் நெடுநாள் மனக்குறை ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஆங்கில உரையாடலின் வேகத்துக்கு என் காது எப்போதும் ஈடுகொடுப்பதில்லை என்பதால் சப்டைட்டிலை ஓடவிட்டே பார்ப்பேன். அந்தப் படத்தின் புகழ்பெற்ற வசனம், 'நிச்சயமாக' என்ற பொருளில் ஒருவர் சொல்லும் 'ஷூர்லி' என்ற சொல்லைப் பெண்பெயரான 'ஷெர்லி' என்று எடுத்துக்கொண்டு, "என்னை ஷெர்லி என்று கூப்பிடாதீர்கள்" என்று நீல்சன் பதில் சொல்வது. அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, கேட்டவரின் வரியும் இவருடைய வரியும் முன்னால் ஆளுக்கொரு சிறு கோட்டோடு ஒன்றன்கீழ் ஒன்றாகத் திரையில் வந்து நின்றுவிட்டன. முதலாமவர் பேசி முடிக்குமுன் நான் இரண்டாமவரின் பதிலைப் படித்து முடித்திருந்தேன். மேலும் காதில் ஒன்றுபோல் ஒலிக்கும் இரண்டு சொற்களைக் கண் வெவ்வேறு எழுத்துகளில் பார்த்துவிட்டால் அங்கே சிலேடைக்கு என்ன வேலை? நகைச்சுவைப் படத்துக்கு மட்டுமாவது கேள்வியையும் பதிலையும் தனித்தனியாகக் காட்டக்கூடாதா?

இதைவிடப் பெரிய அநியாயம் படத்தின் முடிவில் நடந்தது. தொடக்கத்தில், வாடகைக் கார் ஓட்டும் கதாநாயகன் பின்னிருக்கையில் பயணியை ஏற்றி, மீட்டரையும் போட்டுவிட்டு, காதலியைத் தேடி விமான நிலையத்துக்குள் ஓடிவிடுகிறான். அந்தப் பயணி என்ன ஆனார் என்பதற்கு, பெயர்ப்பட்டியல் முழுவதும் ஓடி முடிந்த பிறகுதான் பதில் வருகிறது. நான் பார்த்த செயலியோ, பெயர்கள் ஓடத் தொடங்கியதுமே அவற்றை ஒரு மூலையில் அஞ்சல்தலை அளவுக்குச் சுருக்கி, ஐந்து, நான்கு, மூன்று என்று எண்ணி, எனக்குச் சற்றும் தொடர்பில்லாத ஒரு பேய்ப்படத்தைத் தொடங்கிவிட்டது. மறுநாள் விஷயம் தெரிந்து, மீண்டும் போட்டு, சுருங்கிய படத்தைப் பெரிதாக்கக் குறிவைத்து இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முயற்சியில்தான் அந்தப் பயணியைப் பார்த்தேன். மனிதர் இன்னும் காரிலேயே உட்கார்ந்திருக்கிறார். கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இருபது நிமிடம் பொறுத்துப் பார்ப்பதாகச் சொல்கிறார். இடையில் ஓடிய பெயர்ப்பட்டியலில் படத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு நாவலின் ஆசிரியராகச் சார்லஸ் டிக்கன்ஸின் பெயரும் இருந்தது. உழைத்தவர்களின் பெயரைத்தான் மதிக்கவில்லை, நகைச்சுவையையாவது மதித்திருக்கலாம்.

'மான்டி பைதன் அண்ட் த ஹோலி கிரெய்ல்', 1975. இதில் பாதி பிடித்தது, பாதி பிடிக்கவில்லை. குதிரைகளுக்குப் பணம் இல்லை என்பதற்காக அரசர் வெறுமனே துள்ளித் துள்ளி ஓடிவர, பின்னால் ஒருவன் இரண்டு தேங்காய் மூடிகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்பிக்கொண்டே வரும் முதல் காட்சி, வறுமையையே நகைச்சுவையாக மாற்றிய துணிச்சல். கைகால்களை இழந்த பிறகும் தோற்றதாக ஒப்புக்கொள்ளாத கறுப்பு வீரனும் அப்படியே. ஆனால் நடுவில் வரும் சில துண்டுக் காட்சிகள் எனக்கு நீண்டுகொண்டே போயின. காவலர்கள் வந்து எல்லோரையும் கைதுசெய்து படம் பட்டென்று அறுந்து நிற்கும் முடிவை மேதைமை என்பவர்களோடு நான் வாதாடப் போவதில்லை, ஆனால் என்னைப் பொறுத்தவரை அது கைவிடுதல்தான்.

சாகசத்துக்கு 1981இன் 'ரெய்டர்ஸ் ஆஃப் த லாஸ்ட் ஆர்க்'. இதைப் பற்றிப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை, எல்லோரும் சொல்வது சரிதான். வாளைச் சுழற்றிக் காட்டும் வீரனைச் சாட்டையால் எதிர்கொள்ளாமல் துப்பாக்கியால் சுட்டுவிட்டுத் திரும்பும் காட்சி, நாயகனாக நடித்த ஹாரிசன் ஃபோர்டு டுனிசியப் படப்பிடிப்பில் வயிற்றுப்போக்கால் துவண்டிருந்ததால் நீண்ட சண்டையைச் சுருக்கப் போய்ப் பிறந்தது. அந்தச் சலிப்பு நடிப்பு அன்று என்று தெரிந்த பிறகு அந்த முகத்தைப் பார்ப்பதே தனிச் சுவை.

கடைசியாக, நான் வெட்கத்தோடு எழுத வேண்டிய ஒன்று. ராப் ரெய்னர் 1987இல் எடுத்த 'த பிரின்சஸ் பிரைட்' என் மனத்துக்கு மிக நெருக்கமான படம். பதின்மூன்று வயதான என் மகளுக்கு அதைக் காட்ட வேண்டும் என்று பல நாள் காத்திருந்தேன். காய்ச்சலில் படுத்திருக்கும் சிறுவனுக்குத் தாத்தா ஒரு கதைப்புத்தகத்தைப் படித்துக் காட்டுவதாகப் படம் தொடங்குகிறது. இது முத்தமிடும் கதையா என்று பேரன் முகம் சுளித்தால் தாத்தா சற்றுப் பொறுக்கச் சொல்கிறார், பையன் பயந்துவிட்டான் என்று பட்டால் வாசிப்பை நிறுத்திவிட்டு, நாயகியை விலாங்குகள் இப்போது தின்றுவிடாது என்று ஆறுதல் சொல்கிறார். அவ்வளவு பொறுமை எனக்கு இருக்கவில்லை. பாறை உச்சியில் இருவரும் இடக்கையால் வாள்வீசி, பிறகு ஒவ்வொருவராக வலக்கைக்கு மாறும் சண்டை வந்தபோது, "இதுக்காக ரெண்டு பேரும் நிஜமாவே பயிற்சி எடுத்தாங்க" என்றேன். நகைச்சுவை நடிகர் பில்லி கிரிஸ்டல் வருவதற்கு இன்னும் நெடுநேரம் இருக்கும்போதே, அந்தக் காட்சியில் சிரிப்பை அடக்கி அடக்கியே, வாள்வீசும் இருவரில் ஒருவரான மாண்டி படின்கினுக்கு விலா எலும்பு கன்றிப்போன கதையையும் சொல்லிவிட்டேன்.

"அப்பா, நீங்க படத்தைப் பாக்கறீங்களா, என்னைப் பாக்கறீங்களா?" என்றாள்.

நான் உடல் முழுவதையும் அவள் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தேன். ரிமோட் என் கையில் இருந்தது, கட்டைவிரல் அந்தப் பொத்தானின் மேல் இருந்தது. அதை அவளிடம் கொடுத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

படம் முழுவதும் எனக்கு மனப்பாடம் என்பதால் சுவருக்கு அப்பால் எந்தக் காட்சி ஓடுகிறது என்பதைச் சத்தத்தை வைத்தே சொல்ல முடியும். வாள்சண்டை முடிந்தது, சிரிப்பு இல்லை. நஞ்சு கலந்த கோப்பைகளை வைத்து நடக்கும் வாதம் முடிந்தது, இல்லை. நெருப்புச் சதுப்புநிலத்தில், அளவுக்கு மீறிப் பெரிய எலிகள் இருக்கின்றனவே என்று நாயகி கேட்க, அப்படி ஒன்று இருப்பதாகத் தனக்குத் தோன்றவில்லை என்று நாயகன் நிதானமாகச் சொல்லி வாயை மூடுவதற்குள் ஒன்று அவன் மேல் பாயும் இடத்தில் அவள் வெடித்துச் சிரித்தாள். பின்னால் ஓட்டி, மறுபடியும் அதையே பார்த்துச் சிரித்தாள். அந்த இடத்தில் நான் இதுவரை ஒரு முறைகூடச் சிரித்ததில்லை.