நர்ஸிடம் ஏன் பொய் சொன்னீர்கள்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறேன். மகனுக்கு 11 மாதம். பிறந்தபோதும் 6-வது வாரத்திலும் சொந்த ஊரில் தடுப்பூசி போட்டோம். இரண்டாவது தடவை காய்ச்சல் வந்து, தொடை வீங்கி, ராத்திரி முழுக்க அழுதான். ‘இனி வேண்டாம், நாங்களெல்லாம் ஊசி போட்டா வளர்ந்தோம்’ என்றார் மாமியார். கணவர் ஒன்றும் பேசவில்லை. இங்கே வந்தபின், தடுப்பூசி போடும் புதன்கிழமை லீவு போட்டால் ஒரு ஷிப்ட் கூலி போய்விடுகிறது. ஊர் நர்ஸ் போன் செய்தார். தனியாரில் போட்டுவிட்டோம் என்று சொல்லி வைத்தேன். இனிமேல் போட்டால் பலன் உண்டா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: காய்ச்சல், மாமியார், ஷிப்ட் கூலி எல்லாம் எனக்கு வரும் கடிதங்களில் வழக்கமாக இருப்பவைதான். போகிற போக்கில் ஒரு பொய்யை எழுதியிருக்கிறீர்களே, அதைப் பேசுவோம்.

எந்தக் குழந்தைக்கு எந்த ஊசி பாக்கி என்று பதிவேட்டைப் பார்த்துத்தான் அந்த நர்ஸ் போன் செய்கிறார். ‘தனியாரில் போட்டாச்சு’ என்றதும் அப்படியே குறித்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போயிருப்பார். திருப்பூர் நர்ஸுக்கோ இப்படி ஒரு குழந்தை தன் ஏரியாவில் இருப்பதே தெரியாது. ஆக, உங்கள் மகனைத் தேட இப்போது ஆளே இல்லை. 2023-இல் உலகம் முழுக்க 1 கோடியே 45 லட்சம் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசியின் (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்) முதல் தவணைகூடக் கிடைக்கவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குண்டு விழுகிற சூடானில் அம்மாக்கள் என்ன செய்வார்கள், பாவம். உங்களுக்கு ஊசி இலவசம், கூப்பிட்டுச் சொல்ல ஆளும் இருந்தது.

யாருக்காகச் சொன்னீர்கள் அந்தப் பொய்யை? நர்ஸ் திட்டுவாரே என்ற பயம் ஒரு பக்கம். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள் என்று வெளியே சொல்லக் கூச்சம் இன்னொரு பக்கம். வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டுப் பிள்ளையை விட்டுவிட்டீர்கள். மாமியாரை மதிக்க வேண்டியதுதான், ஆனால் இந்த விஷயத்தில் அவர் சொல் எடுபடக் கூடாது. அவர் காலத்தில் கக்குவானிலும் மணல்வாரி என்கிற தட்டம்மையிலும் போன பிள்ளைகளைப் பற்றி அவரிடமே கேளுங்கள். கக்குவான் வந்த கைக்குழந்தை இருமி இருமி, மூச்சை இழுக்க முடியாமல், உதடு நீலம் பாரித்துப்போகும். அதைப் பார்த்தவர்களுக்கு ஒரு ராத்திரிக் காய்ச்சல் பெரிதாகத் தெரியாது. கக்குவான் உட்பட ஐந்து நோய்களைத் தடுக்கும் பெண்டாவேலன்ட் ஊசிக்குக் காய்ச்சலும் வீக்கமும் சகஜம், ஓரிரு நாளில் அடங்கும். பாரசிட்டமால் எவ்வளவு கொடுப்பது என்று நர்ஸிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

பலன் உண்டு. முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள். பெண்டாவேலன்ட் இன்னும் இரண்டு தவணை, 4 வார இடைவெளியில். 9 மாதத்தில் போட்டிருக்க வேண்டிய தட்டம்மை–ரூபெல்லா ஊசியையும் முதல் நாளே சேர்த்துப் போடலாம். தடுப்பூசி அட்டை ஊரில் இருந்தால் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அட்டைக்காகக் காத்திருக்காமல் வரும் புதன்கிழமையே பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

அப்புறம், அந்த ‘ஒன்றும் பேசாத’ கணவர். வாயை மூடிக்கொண்டு இருந்தால் பெற்றவனின் கடமை தீர்ந்துவிடுமா? இந்த முறை ஷிப்டை அவர் விடட்டும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவர் வரிசையில் நிற்கட்டும். அதற்கு முன்னால் ஊர் நர்ஸுக்கு அவரே போன் செய்து, ‘ஊசி போடவில்லை, பொய் சொல்லிவிட்டோம்’ என்று சொல்ல வேண்டும். திட்டு விழும். வாங்கிக்கொள்ளட்டும்.