டிஸ்கஸ் தொட்டி: தண்ணி முதல்ல, செடி அப்புறம்

செடி வெச்ச பெரிய தொட்டியில டிஸ்கஸ் மீன் வளக்கலாமான்னு போன இதழ்ல ஒருத்தர் கேட்டிருந்தாரு. வளக்கலாம், ஆனா தொட்டி மீனுக்காக இருக்கணும்னு ஒரே வரியில பதில் போட்டிருந்தேன். அந்த ஒரு வரி பத்தலன்னு இந்த மாசம் கடிதமா வந்து குவிஞ்சிருச்சு, அதனால இந்தத் தடவை முழுக்க டிஸ்கஸ்தான்.

கேள்வி: சார், 5 அடி நீளம், 2 அடி அகலம், 2 அடி உயரத்துல தொட்டி ஆர்டர் பண்ணப் போறேன். எங்க ஃபிளாட் ரெண்டாவது மாடி. தளம் தாங்குமான்னு வீட்டுல பயப்படுறாங்க.
– வாசகர், தாம்பரம்

பதில்: அவங்க பயப்படுறது நியாயம்தான் சார், மொதல்ல கணக்கப் போட்டுருவோம். 20 கன அடி, ஒரு கன அடிக்கு 28 லிட்டர் சொச்சம், ஆக விளிம்பு வரைக்கும் ரொப்புனா 566 லிட்டர், அதாவது தண்ணி மட்டுமே 566 கிலோ. 12 எம்.எம். கண்ணாடி போட்டா வெறும் தொட்டியே 100 கிலோவத் தாண்டும், அப்புறம் மணல், கட்டை, ஸ்டாண்டு, ஃபில்டர்னு சேத்தா 800 கிலோ பக்கம் வந்து நிக்கும். வீட்டுத் தளத்துக்கு இன்ஜினியருங்க சாதாரணமா எடுக்கிற பாரம் ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ, உங்க தொட்டி உக்கார்ற இடமே ஒரு சதுர மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. அதுக்காக நாளைக்கே தளம் இறங்கிரும்னு அர்த்தம் இல்ல, அந்த 200ங்கிறது ரூம் முழுக்கப் பரவலா எடுக்கிற கணக்கு, ஆனா ஹால் நடுவுல மட்டும் வெச்சிராதீங்க. கீழ பீம் ஓடுற சுவரா பாத்து அத ஒட்டி நீளவாக்குல வெக்கணும், எந்தச் சுவத்துக்குக் கீழ பீம் இருக்குன்னு பில்டிங் பிளான பாத்து ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர்தான் சொல்லணும், நானோ கடைக்காரரோ இல்ல. அவரு ஓகே சொன்ன பிறகு ஆர்டர் குடுங்க. மேல சுத்தியும் பிரேஸிங் கண்ணாடி, அதாவது விளிம்ப இழுத்துப் புடிக்கிற பட்டை, கேளுங்க, அடியில தெர்மாகோல் ஷீட் போடுங்க, ஸ்டாண்ட மட்டம் வெச்சுப் பாக்காம ஒரு சொட்டு தண்ணி ஊத்தாதீங்க.

கேள்வி: வணக்கம். தரை முழுக்க கார்பெட் செடி, பின்னாடி சிவப்பு செடி, நடுவுல டிஸ்கஸ் கூட்டம், இதுதான் என் ஆசை. ஆனா கடையில டிஸ்கஸுக்கு 29 டிகிரி வேணும், இந்தச் செடிங்க தாங்காதுன்னு சொல்றாங்க. 26ல வெச்சா மீன் பழகிக்காதா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பழகாதுங்க. டிஸ்கஸ் அமேசான் ஆத்துப் பக்கத்து மீன், 28லேர்ந்து 30 டிகிரிதான் அதோட இடம். 26ல உடனே சாகாது, அதனாலதான் நெறைய பேர் ஏமாந்துடறோம். கொஞ்சங் கொஞ்சமா சாப்பாடு கொறையும், நெறம் மங்கும், மூலையில ஒதுங்கும், அப்புறம் நோய் வரும். படத்துல பாக்குற பல தொட்டிங்க போட்டோவுக்காகச் செடிய வளத்துட்டு கடைசியில மீன விட்டதுதான், ஆறு மாசம் கழிச்சு அந்த மீன் எப்படி இருக்குன்னு யாரும் படம் போடுறதில்ல. எனக்கு இதுல ரொம்ப வருத்தம் உண்டு. மீன் தாங்குற சூட்டுல எந்தச் செடி வாழும்னு தேடுங்க, செடி கேக்குற தண்ணியில மீன அடைக்காதீங்க.

அப்படித் தேடினா நல்ல செடிங்களே நெறைய இருக்கு. அமேசான் ஸ்வோர்ட் அதே தென்னமெரிக்கா செடி, ஒத்தச் செடியே ஒன்றரை அடிக்கு விரிஞ்சு நிக்கும், டிஸ்கஸ் அதோட இலைக்குப் பக்கத்துல போய் நிக்கிறத பாத்தீங்கன்னா கார்பெட்டே மறந்துரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் ரெண்டையும் மண்ணுல புதைக்காம கட்டையில கட்டுங்க, புதைச்சா தண்டு அழுகிரும். பின்னாடிக்கு வாலிஸ்நேரியா. நடுவுக்கு க்ரிப்டோகோரைன், இதுல எனக்குத் தனிப் பாசம், ஏன்னா வெண்டியின்னு கடையில விக்கிறது இலங்கை ஓடையில வளர்றது, ரெட்ரோஸ்பைராலிஸ்னு ஒண்ணு நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை பக்கத்து ஆத்துலயே இருக்கு. நட்ட ரெண்டு வாரத்துல இலையெல்லாம் கரைஞ்சு கூழாப் போகும், செத்துருச்சுன்னு புடுங்கிப் போட்டுராதீங்க, வேர்லேர்ந்து திரும்பத் துளிர்க்கும்.

செடி வளர விடுற சி.ஓ.டூ (கார்பன் டை ஆக்சைடு) சிலிண்டர் இந்தச் செடிங்களுக்குக் கட்டாயம் இல்ல. 24 டிகிரியில ஒரு லிட்டர் தண்ணி 8.4 மில்லிகிராம் ஆக்சிஜன் வரைக்கும் புடிச்சு வெக்கும், 29ல 7.7தான், அந்தக் கம்மி ஆக்சிஜன்ல சி.ஓ.டூவயும் அள்ளி விட்டா மீன் மேல வந்து வாயத் தொறந்து தவிக்கும். லைட் 6, 7 மணி நேரம் போதும்.

அடியில கறுப்பு சாயில், அதாவது செடிக்குன்னு விக்கிற சத்து மண், போடுற ஆசை இருந்தா இன்னொன்னு. பிஜியன் பிளட்ங்கிற டிஸ்கஸ் வகைக்கு இருட்டான தரை, இருட்டான பின்பக்கம் இருந்தா உடம்பு முழுக்க மிளகு தூவின மாதிரி கறுப்புப் புள்ளி வரும், அது நோய் இல்ல, ஆனா காசு குடுத்து வாங்குன நெறம் போயிரும். வெளிர் மணலுக்கு மாறுங்க, இல்ல டர்க்காய்ஸ், ஸ்நேக்ஸ்கின் மாதிரி வகையா எடுங்க. மணல் எதுவா இருந்தாலும் ஒரு கரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்க, நுரைச்சா சுண்ணாம்பு இருக்கு, வேணாம். முன்பக்கம் ரெண்டு அடி நீளத்துக்குச் செடியே நடாம வெறும் மணலா விடுங்க, சாப்பாடு அங்கதான் போடணும், மிச்சம் விழுந்தா உறிஞ்சி எடுக்க வசதி.

கேள்வி: எங்க போர் தண்ணி டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற உப்போட அளவு) 1100. முழுக்க ஆர்.ஓ. தண்ணியிலதான் டிஸ்கஸ் வளரும்னு சொல்றாங்க, நிஜமா?
– வாசகர், வேளச்சேரி

பதில்: பாதி நிஜம். காட்டுல ரியோ நீக்ரோ மாதிரி ஆறுங்கள்ல தண்ணி டிக்காஷன் கலர்ல, உப்பே இல்லாம, புளிப்பா இருக்கும், அங்க புடிச்ச மீனுக்கு அதுதான் வேணும். ஆனா சென்னை கொளத்தூர் மீன் கடைங்கள்ல நீங்க வாங்குற மீன் பெரும்பாலும் பண்ணையில பொறந்தது, பல தலைமுறையா சாதாரணத் தண்ணியில வளந்தது, அதுக்கு பி.எச். 6.5லேர்ந்து 7.5 வரைக்கும் எங்க இருந்தாலும் ஆடாம இருந்தாப் போதும். அதுக்காக 1100 அதிகம்தான். 3 பங்கு ஆர்.ஓ., 1 பங்கு போர் கலந்தா 300 பக்கம் வரும், அது நல்ல அளவு. வெறும் ஆர்.ஓ. மட்டும் ஊத்தாதீங்க, கே.எச்., அதாவது பி.எச்.ச ஆடாம புடிச்சு வெக்கிற கார்பனேட் உப்பு, சுத்தமா இல்லாமப் போச்சுன்னா பி.எச். ஒரே ராத்திரியில சரிஞ்சிரும், ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியாவும் படுத்துரும்.

இப்ப இன்னொரு கணக்கு, இது மனச உறுத்துற கணக்கு. மேல தாம்பரம் வாசகர் கேட்ட 5 அடி தொட்டிக்கு வாரம் 30 சதவீதம் மாத்தினா 165 லிட்டர் வேணும், அதுல ஆர்.ஓ. 125 லிட்டர், வீட்டு மெஷின் 1 லிட்டர் நல்ல தண்ணி குடுக்க 3 லிட்டர் வரைக்கும் வெளிய தள்ளும். வெயில் காலத்துல லாரிக்கு குடத்தோட நிக்கிற ஊர்ல வாரம் 375 லிட்டர சாக்கடையில விட என்னால முடியாது. அந்தத் தண்ணிய டிரம்முல புடிச்சு பாத்ரூமுக்கும் தரை தொடைக்கவும் வெச்சுக்குங்க. அதவிட நல்ல வழி நம்ம தலைக்கு மேலயே இருக்கு, ஐப்பசி கார்த்திகை மழை. மொட்ட மாடிய நல்லாக் கழுவி விட்டு, முதல் ரெண்டு மழைய வெளிய விட்டுட்டு, அப்புறம் வர்றத மூடுன டேங்க்ல புடிங்க, ஆர்.ஓ.வுக்குப் பதிலா அதையே போரோட கலக்கலாம்.

மெட்ரோ வாட்டர், டேங்கர் தண்ணி எதுவா இருந்தாலும் குளோரின் எடுக்காம ஊத்தாதீங்க. ஒரு கோடையில, வழக்கமா வர்ற டேங்கர் தண்ணிதானேன்னு ஒரு நாள் ஆன்டி குளோரின் போடாம பாதித் தொட்டி மாத்திட்டேன். அன்னைக்கு குளோரின் தூக்கலா இருந்திருக்கு. அரை மணி நேரத்துல மீனெல்லாம் மேல வந்துருச்சு, சோடியம் தயோசல்ஃபேட் கரைச்சு ஊத்தறதுக்குள்ள நாலு மீன் போயிருச்சு, அஞ்சு வருஷம் என் கையில சாப்பிட்ட மீனுங்க. இப்பல்லாம் தண்ணிய டிரம்முல புடிச்சு, மருந்து போட்டு, ஒரு நாள் ஏர் விட்டு, சூடு சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் ஊத்துறேன்.

கேள்வி: அண்ணா, நான் காலேஜ் படிக்கிறேன். 4 அடி செடித் தொட்டி ரெடி பண்ணி ஒரு வாரம் ஆச்சு. 2 இன்ச் டிஸ்கஸ் குட்டி விலை கம்மியா இருக்கு, 10 வாங்கி விடலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: கொஞ்சம் பொறு தம்பி. ஒரு வாரத் தொட்டியில சைக்கிள் ஆகியிருக்காது, மீன் கழிவுலேர்ந்து வர்ற அம்மோனியாவ நைட்ரைட்டாவும் அப்புறம் நைட்ரேட்டாவும் மாத்துற பாக்டீரியா ஃபில்டர்ல குடியேற 4லேர்ந்து 6 வாரம் ஆகும். சாயில் போட்டிருந்தா அதுவே முதல்ல அம்மோனியா விடும். நம்ம ஊர் சூட்டுல இது இன்னும் கொடுமை, பி.எச். 7ல அம்மோனியாவுல விஷமான பங்கு ஒரு சதவீதம்கூட இருக்காது, பி.எச். 8 ஆனா அது பத்து மடங்கு ஆகுது. டெஸ்ட் கிட் ஒண்ணு வாங்கு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஜீரோ காட்டி ஒரு வாரம் நின்ன பிறகு மீனப் பத்திப் பேசலாம்.

குட்டி விலை கம்மிதான், ஆனா வளக்குற செலவ யோசி. 2 இன்ச் குட்டிக்கு ஒரு நாளைக்கு 4, 5 தடவை சாப்பாடு, கிட்டத்தட்ட தினமும் தண்ணி மாத்தணும், செடித் தொட்டியில அத்தன சாப்பாடு போட்டா மண்ணுக்குள்ள போய் அழுகும், கொறைச்சா குட்டி வளராம கண்ணு மட்டும் பெருசா நின்னுரும், அப்புறம் என்ன போட்டாலும் வளராது. குட்டிதான் வேணும்னா அடியில ஒண்ணுமே இல்லாத வெறும் தொட்டியில வளத்து அப்புறம் மாத்து. இல்லன்னா காசு சேத்து 4 இன்ச் மீனா வாங்கு. உன் தொட்டி 4க்கு 2க்கு 2ன்னா 6, 7 மீன் போதும். 6க்குக் கொறைஞ்சா பெருசு ஒண்ணு சின்னத அடிச்சே ஒதுக்கிரும், கூட்டம் இருந்தா அடி பங்கு பிரிஞ்சு போகும். வாங்கும்போது கடைக்காரர சாப்பாடு போடச் சொல்லு, ஓடி வந்து சாப்பிடறத மட்டும் எடு.

கேள்வி: ஏஞ்சலும் சக்கர் மீனும் கூட விடலாமா?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: ரெண்டும் வேணாம்மா. ஏஞ்சல் சாப்பாட்டப் பறிச்சுக்கும், குடல் பூச்சியையும் கொண்டு வந்து சேத்துரும். பெரிய சக்கர் ராத்திரியில டிஸ்கஸ் மேல ஒட்டி உடம்புல இருக்கிற வழுவழுப்ப உறிஞ்சும். சூடு தாங்குற கார்டினல் டெட்ரா, ரம்மி நோஸ், ஸ்டெர்பை கோரிடோரஸ் விடுங்க.

கேள்வி: கரண்ட் போனா எவ்ளோ நேரம் தாங்கும்?
– வாசகர், சென்னை

பதில்: மீன் சில மணி நேரம் தாங்கும், முதல்ல ஆபத்து கேனிஸ்டர் ஃபில்டருக்குத்தான். மூடுன டப்பாவுக்குள்ள தண்ணி ஓடாம நின்னா பாக்டீரியா மூச்சு முட்டிச் செத்துரும், கரண்ட் வந்ததும் அந்த அழுகின தண்ணி மொத்தமும் தொட்டிக்குள்ள போகும். அதனால மணிக்கணக்குல நின்னுருந்தா ஃபில்டரத் தொறந்து உள்ள தண்ணியக் கொட்டிட்டு, பாக்டீரியா குடியிருக்கிற மீடியாவ (உள்ள இருக்கிற ஸ்பான்ஜ், கல்) தொட்டித் தண்ணியில அலசிட்டு அப்புறமா போடுங்க. 2016 வர்தா, 2023 மிக்ஜாம் ரெண்டுலயும் நம்ம ஊர்ல பல ஏரியாவுல நாள்கணக்குல கரண்ட் இல்ல. பேட்டரி ஏர் பம்ப் ரெண்டு வாங்கி வைங்க, புயல் அறிவிச்சதுமே சாப்பாட்ட நிறுத்திருங்க.

கேள்வி: சார், ஒரு மீன் கறுத்துப் போய் மூலையில நிக்குது, வெள்ளையா நூல் மாதிரி கழியுது, சாப்பாட்ட வாயில எடுத்துத் துப்புது. கடையில நாலு மருந்து குடுத்தாங்க, எத ஊத்துறது?
– வாசகர், சேலம்

பதில்: நாலையும் ஓரமா வைங்க சார். முதல்ல அம்மோனியா, நைட்ரைட், சூடு மூணையும் பாருங்க, பாதி நேரம் மீன் கறுக்கிறது தண்ணி சரியில்லாததாலதான். தண்ணி சரியா இருந்தா நீங்க சொல்ற அடையாளம் குடல்ல வர்ற ஸ்பைரோநியூக்ளியஸ் மாதிரி இருக்கு, ஹெக்ஸாமிட்டான்னு கடையில சொல்வாங்க, அதுக்கு மெட்ரோனிடஸோல்தான் மருந்து. அந்த மீன மட்டும் தனித் தொட்டிக்கு மாத்தி, ஏர் நல்லா விட்டு, அங்க வைத்தியம் பாருங்க, செடித் தொட்டியில உப்பும் மருந்தும் கொட்டாதீங்க. அளவ மீனுக்குப் பாக்குற டாக்டர்கிட்டயே கேளுங்க. இனிமே புது மீன் எது வந்தாலும் ஒரு மாசம் தனியா வெச்சுட்டுத்தான் உள்ள விடணும்.

கேள்வி: எங்க தொட்டியில ஒரு ஜோடி அமேசான் ஸ்வோர்ட் இலையில முட்ட போட்டிருக்கு! மூணாவது தடவை. போன ரெண்டு தடவையும் குஞ்சு வந்து காணாமப் போச்சு. எடுத்து நானே வளக்கட்டுமா?
– வாசகி, புதுச்சேரி

பதில்: படிச்சப்பவே சந்தோஷமா இருந்துச்சு. ஆனா எடுக்காதீங்க. டிஸ்கஸ் குஞ்சு மத்த மீன் குஞ்சு மாதிரி இல்ல, நீந்த ஆரம்பிச்சதும் அப்பா அம்மா ரெண்டு பேரோட உடம்புல ஊறுற வழுவழுப்பக் கொத்தித் தின்னுதான் முதல் நாளுங்கள கழிக்கும், ஒருத்தர் அசந்தா ஒரு உதறு உதறி மொத்தக் குஞ்சையும் இன்னொருத்தர் மேல தள்ளி விடுவாங்க, பாத்துட்டே இருக்கலாம். முட்ட பொரிய ரெண்டு மூணு நாள், நீந்த இன்னும் ரெண்டு மூணு நாள். கூட இருக்கிற டெட்ராதான் அந்த நேரத்துல குஞ்ச முடிச்சிருக்கும். இந்தத் தடவை அப்படியே விட்டுட்டு, அடுத்த முறைக்கு ஜோடிய மட்டும் 2 அடிக்கு ஒன்றரை அடி வெறும் தொட்டிக்கு மாத்துங்க, உள்ள முட்ட போட ஒரு மண் கூம்பு, ஸ்பான்ஜ் ஃபில்டர், டி.டி.எஸ். 100 பக்கம் இருக்கிற மிருதுவான தண்ணி, உப்புத் தண்ணியில முட்ட சரியாப் பொரியாது. ராத்திரியில ஒரு சின்ன லைட் மட்டும் எரியட்டும், இருட்டுல குஞ்சுங்க அப்பா அம்மாவத் தொலைச்சிரும்.