விசுவாச வாழ்க்கையில் ‘அனல்மூட்டுவது’ என்றால் என்ன?

உள்ளே ஏற்கெனவே இருக்கும் விசுவாசத்தை மறுபடி எரியவிடுவதுதான் அது. தேவன் தந்த வரத்தை அனல்மூட்டி எழுப்பும்படி, சிறையிலிருந்த அப்போஸ்தலன் பவுல் தன் உடன் ஊழியனான தீமோத்தேயுவுக்கு நினைப்பூட்டுகிறார் (2 தீமோத்தேயு 1:6).

விறகடுப்பில் சாம்பல் மூடிய கங்கு காலையில் அணைந்த மாதிரிதான் தெரியும். சாம்பலை விலக்கி, ஊதுகுழலால் ஊதி, ரெண்டு சுள்ளி வைத்தால் பற்றிக்கொள்ளும்.

சரி, ஏன் மூட்டவேண்டும்? கவனிக்காத நெருப்பு தணிந்துவிடும். பலிபீடத்து நெருப்பு அணையக்கூடாது என்று சொல்லும் லேவியராகமம் 6:12, ஆசாரியன் காலைதோறும் விறகு போடவேண்டும் என்றும் சொல்கிறது. ஜெபமும் வேதவாசிப்பும் சபை ஐக்கியமும் நமக்கு அந்த விறகு. தீமோத்தேயுவை மூடியிருந்த சாம்பல் பயம் என்றே நினைக்கிறேன். பவுல் அவனுக்கு எழுதிய அடுத்த வசனம் (2 தீமோத்தேயு 1:7) அதைத்தான் தொடுகிறது.

அப்புறம், அனல் என்றால் உணர்ச்சிப் பெருக்கு மட்டுமே என்று பலர் எண்ணுகிறார்கள். அந்த 7-ஆம் வசனம் சொல்வதோ பலம், அன்பு, தெளிந்த புத்தி.