13 முட்டை வைத்தேன், 5 குஞ்சுதான் வந்தது: தவறு எங்கே?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "எல்லாக் கோழிகளும் முட்டையிடும் பெட்டியிலேயே ஒரு கோழி அடைக்கு உட்கார்ந்தது. மூன்று வாரமாகச் சேர்த்து வைத்திருந்த 13 முட்டைகளை அதற்கு வைத்தேன். 5 குஞ்சுகள் பொரிந்ததும் கோழி அவற்றைக் கூட்டிக்கொண்டு இறங்கிவிட்டது. பெட்டியில் 11 முட்டைகள் மிச்சம். உடைத்துப் பார்த்தால் 8 முட்டைகளில் குஞ்சே உருவாகவில்லை, 3 முட்டைகளில் பாதி வளர்ந்த குஞ்சு இறந்து கிடந்தது. கோழி சரியாக அடைகாக்கவில்லையா? இப்போது இன்னொரு கோழி அடைக்கு வந்திருக்கிறது. அதை எப்படி வைப்பது?"

கோழியைக் குறை சொல்லாதீர்கள். 5 குஞ்சு வந்திருக்கிறதென்றால், அது 21 நாளும் சூடு விடாமல் உட்கார்ந்திருக்கிறது. விடை உங்கள் கணக்கிலேயே இருக்கிறது. 13-இல் 5 போனால் மிச்சம் 8தான் இருக்க வேண்டும். கூடுதலாக இருந்த 3 முட்டைகள் நீங்கள் வைத்தவை அல்ல. அடை தொடங்கிச் சில நாள் கழித்து மற்ற கோழிகள் வந்து இட்டவை. அவற்றுக்கு இன்னும் நாள் நிறையவில்லை. முதல் குஞ்சுகளோடு தாய் இறங்கியதும் சூடு நின்றுபோய் அந்த உயிர்கள் பாதியில் போயின. எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது இந்த மூன்றுதான், ஏனென்றால் நல்ல கரு கூடிய முட்டைகள் அவை.

மற்ற 8-க்குப் பெரும்பாலும் காரணம், முட்டைகளின் வயது. முட்டையிட்டு ஒரு வாரம் வரை கரு நன்றாக இருக்கும். அதன் பிறகு பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே வரும். மூன்று வார முட்டையை நம்பக் கூடாது. சேவல் சேராத கோழியின் முட்டைகளும் அதில் கலந்திருக்கலாம். சேவலோடு சேர்ந்த கோழி சுமார் இரண்டு வாரம் வரை கரு கூடிய முட்டை இடும், அதற்கு மேல் சந்தேகம்தான்.

இப்போது அடைக்கு வந்திருக்கும் கோழியை முதலில் சோதித்துப் பாருங்கள். கை கொண்டுபோனால் சிலிர்த்துக்கொண்டு உறுமுகிறதா, இரவிலும் பெட்டியை விட்டு வராமல் இருக்கிறதா, நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து தோல் தெரிகிறதா? இரண்டு மூன்று நாள் இப்படியே இருந்தால் அது உறுதியான அடைதான். அதற்குள் 7 நாளுக்கு உட்பட்ட, விரிசல் இல்லாத, நடுத்தர அளவு முட்டைகளைச் சேருங்கள். கழுவாதீர்கள். ஓட்டின் மேல் கிருமியைத் தடுக்கும் மெல்லிய படலம் உண்டு, அது போய்விடும். குளிர்ச்சியான இடத்தில் கூர்முனை கீழே இருக்கும்படி வையுங்கள். குளிர்பெட்டி வேண்டாம்.

தனியான, மங்கலான இடத்தில் வைக்கோல் போட்டுக் கூடு அமையுங்கள். மற்ற கோழிகள் உள்ளே வர முடியாதபடி அடைத்துவிடுங்கள். பேன் இருக்கிறதா என்று கோழியை இறகு விலக்கிப் பாருங்கள். இருந்தால் அடை வைப்பதற்கு முன்பே சரிசெய்யுங்கள், கடி தாங்காமல் எழுந்துபோகும் கோழிகள் உண்டு. இருட்டிய பிறகு கோழியை எடுத்துவந்து கூட்டில் வைத்தால் காலையில் அமைதியாக இருக்கும். முட்டைகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வையுங்கள், பென்சிலால் குறியிடுங்கள். 10 முதல் 12 போதும். கோழி சிறியதென்றால் இன்னும் குறையுங்கள். இறகுக்கு வெளியே ஒரு முட்டை கூடத் தெரியக் கூடாது. குறியில்லாத முட்டை கூட்டில் கண்ணில் பட்டால் அன்றே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் நீங்கள் செய்வதற்கு அதிகம் இல்லை. முட்டையைத் திருப்புவது, ஈரம் காப்பது எல்லாம் கோழியே பார்த்துக்கொள்ளும். தினமும் ஒரு முறை கால்மணி, அரைமணி நேரம் இறங்கித் தின்று, குடித்து, எச்சமிட்டு வரும். அந்த நேரத்தில் முட்டை கொஞ்சம் ஆறுவதால் கேடில்லை. தீனியும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். இறங்கவே மறுத்தால் மெதுவாகத் தூக்கி வெளியே விடுங்கள்.

7ஆம் நாள் இரவில் முட்டைக்குப் பின்னால் டார்ச் பிடித்துப் பாருங்கள். சிலந்தி போல நரம்புகள் படர்ந்திருந்தால் கரு வளர்கிறது. வெறுமையாகத் தெரிந்தால் கூமுட்டை. 14ஆம் நாள் இன்னொரு முறை பார்த்து ஆகாதவற்றை எடுத்துவிடுங்கள். அழுகிய முட்டை கூட்டில் உடைந்தால் மற்றவையும் கெடும். 18ஆம் நாளுக்கு மேல் கைவைக்க வேண்டாம்.

ஓட்டில் முதல் துளை விழுந்த பிறகு குஞ்சு வெளியே வர 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தக் குழாய்கள் அறுந்து குஞ்சு செத்துப்போகும். பிறந்த குஞ்சுக்கு உடனே தீனி தேவையில்லை, உள்ளிழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும். அதனால்தான் தாயும் மற்ற குஞ்சுகள் வர ஓரிரு நாள் காத்திருக்க முடிகிறது. அதற்குப் பிறகு ஆழமில்லாத தட்டில் கூழாங்கல் போட்டுத் தண்ணீரும், குஞ்சுத் தீவனமும் வையுங்கள். ஒரு நாள் கழித்தும் பொரியாமல் கிடக்கும் முட்டைகளை, தாயும் குஞ்சுகளும் வெளியே இருக்கும்போது எடுத்துவிடலாம்.