மூடுபனியும் வெள்ளை வண்ணமும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பழைய வீடு, மங்கிய வெளிச்சம், மூடுபனி என்று நினைவிலிருக்கும் இடங்களை எண்ணெய் வண்ணத்தில் வரைகிறேன். தூரத்தை மங்கலாக்க வெள்ளை கலந்தால் படம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடுகிறது. புகைப்படத்தைப் பார்த்து வரைந்தாலோ நினைவின் சாயலே வருவதில்லை. என்ன செய்யலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

டைட்டானியம் வெள்ளை நிறத்தை வெளுக்க வைப்பதோடு நிற்காது, குளிர்ச்சியாக்கிச் சாறும் எடுத்துவிடும். எனவே பனிக்கென்று ஒரு நிறத்தை முதலிலேயே தனியாகக் குழைத்து வையுங்கள். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் சேர்ந்தால் நல்ல சாம்பல். அதில் வெள்ளை விட்டு, அடிவானத்தின் வெளிச்ச அளவுக்குக் கொண்டுவாருங்கள். அருகிலுள்ள மரத்தின் பச்சையில் இது பத்தில் ஒரு பங்கு, நடுவில் பாதி, கடைசி வரிசையில் பத்தில் எட்டுப் பங்கு என்று தொடங்கலாம். தூரம் போகப்போக இருட்டுகள்தான் அதிகம் வெளிறும். பின்னணியில் ஒரு கதவைக் கறுப்பாகவே விட்டுவிட்டால் அது படத்தைத் துளைத்துக்கொண்டு முன்னால் வந்து நிற்கும்.

அடி வண்ணம் தொட்டால் ஒட்டாதபடி காய்ந்தபின், முரட்டுப் பிரஷில் பனிநிறத்தைத் துளி எடுத்து, துணியில் துடைத்துவிட்டுத் தேய்த்தாற்போல் பூசுங்கள். இருண்ட பரப்பின்மேல் வெளிர்நிறம் மெல்லிசாகப் படியும்போது நீலச்சாயல் தானாக வரும். டர்பன்டைனை ஊற்றி நீர்க்க வைக்காதீர்கள். பிடித்துவைக்க எண்ணெய் போதாமல் வண்ணம் பொடியாக உதிரும். மேலடுக்கில் அடியடுக்கைவிட எண்ணெய் குறைந்தாலும் வெடிப்பு வரும். துத்தநாக வெள்ளை ஒளியை ஊடுருவ விடும் என்பதால் ஆசைகாட்டும். நாளடைவில் நொறுங்கும், எனக்கு உடன்பாடில்லை.

நினைவிலிருந்து வரைவதற்கு அமெரிக்க ஓவியர் விஸ்லரைப் பாருங்கள். 1870களில் தேம்ஸ் நதியின் இரவுகளை அவர் வரைந்த முறை விசித்திரமானது. காட்சியை உற்றுப் பார்ப்பார், பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்று, கண்டதை உடன் வந்தவரிடம் ஒப்பிப்பார். விட்டுப்போனதை உடன் வந்தவர் எடுத்துச் சொல்வார். படம் பின்னர் அறைக்குள்தான் உருவாகும். நீங்களும் புகைப்படத்தைப் பத்து நிமிடம் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வையுங்கள். மறுநாள் கரித்துண்டால் உள்ளங்கையளவு வரையுங்கள். ஜன்னல் ஞாபகமிருக்கும், நாற்காலி இருக்காது. நாற்காலிக்காகப் புகைப்படத்தைத் திருப்பிப் பார்க்கவேண்டாம்.

ஜன்னலின் ஒரு விளிம்பை மட்டும் கூர்மையாக விட்டு, மற்றவற்றை ஈரம் காயுமுன் மெல்லிய காய்ந்த பிரஷால் கலையுங்கள். எல்லாவற்றையும் கலைத்தால் பார்வைக் கோளாறாகத்தான் தெரியும்.

பழமை தெரியவேண்டுமென்று படம் முழுக்கப் பழுப்பு ஏற்றுகிறவர்கள் உண்டு. தேவையில்லை. டென்மார்க் ஓவியர் ஹாமர்ஷோய் தன் கோபன்ஹேகன் வீட்டின் அறைகளைப் பெரும்பாலும் சாம்பல் நிறங்களிலேயே வரைந்தார். நல்ல அச்சுப்பிரதி கிடைத்தால், அதில் சுவரும் கதவும் சந்திக்கும் விளிம்புகளைக் கவனியுங்கள்.